நாலு வருஷத்துக்கு ஒரு வரி

எம்.ஏ. படித்ததை மறைத்துத்தான் நான் இப்போது பார்க்கும் வேலையில் சேர்ந்தேன். சேர்ந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை, என் மனைவியின் தங்கையைப் பிடித்து உட்காரவைத்து, டிகிரி இல்லாமல் இந்தக் காலத்தில் ஒன்றும் நடக்காது என்று ஒரு மணி நேரம் பேசி, அவளைப் பெங்களூர் காலேஜுக்கு ரயில் ஏற்றிவிட்டேன். இரண்டையும் செய்தது ஒரே மண்டைதான். நடுவில் தலையில் அடி எதுவும் படவில்லை. இந்த அளவு முட்டாள்தனம் ஒரு ஆளுக்குத் தானாக வராது. பதினேழு வருஷம் பள்ளிக்கூடமும் காலேஜும் சேர்ந்து என்மேல் பாடுபட்டிருக்கின்றன.

வேலை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பெங்களூரில் ஒரு கண்ணாடிக் கட்டடம். அதன் அடியில் மூன்று தளத்துக்குக் கார் நிறுத்தும் இடம். மூன்றாவது தளத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் நான். வருகிற வண்டிக்கு டோக்கன் கிழித்துக் கொடுத்து, காலியாக இருக்கும் இடத்தைக் கைகாட்ட வேண்டும். எங்கள் அப்பா தங்கச் சுரங்கத்தில் முப்பது வருஷம் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கி ஏறினவர். என் பிள்ளை மட்டும் அண்டர்கிரவுண்டு போகக் கூடாது என்று என்னைப் படிக்க வைத்தார். நான் தினமும் காலையில் லிஃப்டில் ஏறி, கீழ்நோக்கிப் போகிற பொத்தானை அழுத்துகிறேன்.

முதல் மாதம் என் மாமனார் கேட்டார். அவரும் சுரங்கத்து ஆள்தான், மூடுகிற கடைசி நாள்வரை இறங்கினவர்.

"எத்தினி அடி மாப்ள, உங்க மூணாவது லெவலு?"

"முப்பது நாப்பது அடி இருக்கும் மாமா."

"அதுவா. அது எங்களுக்குச் செருப்பு வுடுற இடம்."

அந்த வேலைக்கு ஆள் எடுத்த ஏஜென்சிக்காரர் முதலிலேயே சொல்லிவிட்டார், டிகிரி ஆட்கள் வேண்டாமென்று. ஆறு மாசத்தில் ஓடிவிடுவார்களாம், இருக்கிற வரைக்கும் சட்டம் பேசுவார்களாம். டியூஷன் எடுத்து, ரீசார்ஜ் கடை வைத்து, மூடிப்போன ஒரு தனியார் பள்ளியில் சரித்திரம் நடத்தி, எல்லாம் முடிந்து நின்ற நேரம் அது. ஃபாரத்தில் படிப்பு என்ற இடத்தில் எஸ்.எஸ்.எல்.சி. என்று எழுதினேன். ஐந்து நிமிஷத்தில் வேலை கிடைத்தது. எம்.ஏ.வை வைத்துக்கொண்டு பதினைந்து வருஷம் தேடியிருந்தேன்.

இது மாரிகுப்பம் வண்டியில் பரவிவிட்டது. விடியும் முன் கிளம்பி, எங்கள் ஊர் முழுவதையும் அள்ளிக்கொண்டுபோய்ப் பெங்களூரில் கொட்டுகிற வண்டி. மற்ற ஊர்களில் படிக்காதவன் படித்ததாகக் காட்டிக்கொள்ளத் திருட்டுச் சான்றிதழ் வாங்குகிறான். எங்கள் வண்டியில் பி.காம்., பி.ஏ., எம்.ஏ. எல்லாம் டிகிரியைக் கெட்ட வியாதி மாதிரி ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், குடோன், எதற்குப் போனாலும் பத்தாவது பன்னிரண்டாவதுதான் கேட்கிறார்கள். என்னைத் தேடி வருவார்கள். "சார், கொஞ்சம் எறக்கி எழுதணும்" என்பார்கள். இறக்கி எழுதுவது என்றால் எங்களுக்குள் இதுதான் அர்த்தம்.

டிகிரியை மறைப்பதில் வித்தை ஒன்றுமில்லை, எழுதாமல் விட்டால் போதும். மறைத்த வருஷங்களைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்பதுதான் பாடு. ஃபாரத்தில் அதற்கென்று ஒரு வரி இருக்கும். படிப்பு முடித்த பின் இடைவெளி இருந்தால் காரணம் எழுதுக. அந்த ஒரு வரியை நிரப்புவதில் நான் கைதேர்ந்தவன் ஆனேன். பேத்தமங்களா பக்கம் மாமா நிலத்தில் தக்காளி போட்டேன் என்று எழுதுவேன். வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்டேன் என்று எழுதினால் மேல்கேள்வி வராது. மஞ்சள் காமாலை கொஞ்ச நாள் நன்றாக ஓடியது, பிறகு ஒரே வாரத்தில் ஒரே கம்பெனிக்கு நாலு மஞ்சள் காமாலை போய் நின்றதால் நிறுத்திவிட்டேன். ஒரு பி.காம். ஆளுக்கு மூன்று வருஷம் ஆடு வளர்த்ததாக எழுதிக் கொடுத்தேன். இன்டர்வியூவில் எத்தனை ஆடு என்று கேட்டிருக்கிறார்கள். "ஆரம்ப இருப்பு பத்து, இறுதி இருப்பு பதினாறு" என்று சொல்லி மாட்டிக்கொண்டான்.

இப்படி ஊருக்கெல்லாம் டிகிரியை இறக்கிக்கொண்டிருந்த ஆள், வீட்டில் மட்டும் அதை ஏற்றச் சொன்னேன். ஏன் என்று கேட்டால் நேரான பதில் என்னிடம் இல்லை. எங்கள் இரண்டு குடும்பமும் பௌத்தக் குடும்பங்கள். வட ஆற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர்கள் காலத்திலேயே மாறியவர்கள். வீட்டில் சாமி படங்கள் கிடையாது. அலமாரியில் ஒரு சின்ன புத்தர், அவருக்குப் பக்கத்தில் பிள்ளைகளின் மார்க் ஷீட் கவர். படிப்பு என்பது எங்களுக்குப் பிழைக்கிற வழி மட்டுமில்லை, கையெடுத்துக் கும்பிடுகிற பொருள். மற்ற வீடுகளில் நினைத்தது நடக்காவிட்டால் சாமியைத் திட்டுவார்கள். எங்கள் வீடுகளில் படித்தும் வேலை கிடைக்கவில்லை என்றால் படிப்பைத் திட்டமாட்டார்கள். படித்தவனைத் திட்டுவார்கள். எனக்கு இந்த அனுபவம் நிறைய.

கொழுந்தியாள் வீட்டுக்குக் கடைசிப் பெண். என் மனைவிக்கும் அவளுக்கும் பதினாலு வயசு வித்தியாசம். மாமியார் போய்ப் பல வருஷமாகிறது. சுரங்கக் கம்பெனி கட்டிய அதே லைன் வீட்டு வரிசையில் நாங்கள் நாலு வீடு தள்ளி. மாமனாருக்கு நுரையீரல் போய்விட்டிருந்தது. சுரங்கத்தில் டிரில் பிடித்தவர்களில் பாதிப் பேருக்கு வருவதுதான். பாறைத்தூள். காலையில் ஓரளவு இருப்பார், மத்தியானம் தாண்டினால் மூச்சு முட்டும். வரிசைக்குப் பின்னால் சைனைடு மேடு, தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவுமண். காற்று அடித்தால் அந்த வெள்ளைத் தூள் சோற்றுத் தட்டுவரைக்கும் வரும். அப்போது ஜன்னலைச் சாத்தி, ஈரத்துணி கட்டி, அவரை நிமிர்த்தி உட்காரவைத்து முதுகை நீவிவிட வேண்டும். அதைச் சரியாகச் செய்யத் தெரிந்தவள் கொழுந்தியாள்தான். என் மனைவி நீவினால், "இன்னாமே, சப்பாத்தி மாவு பெசையறியா" என்பார்.

அவள் பி.யு.சி., அதாவது பன்னிரண்டாவது, முடித்த சமயம், ஹைவே பக்கத்தில் ஒரு ஃபேக்டரிக்கு எங்கள் ஊர்ப் பெண்களை எடுத்தார்கள். வண்டிகளுக்கு ஒயர் கட்டுகிற வேலை. பி.யு.சி. போதும். கம்பெனி பஸ் ஆண்டர்சன்பேட்டைவரைக்கும் வந்து ஏற்றிக்கொண்டு போகும். காலை ஷிஃப்ட் கேட்டுவாங்கினால் மூன்று மணிக்குள் வீடு திரும்பிவிடலாம். அடுத்த லைனில் அவளோடு படித்த சிநேகிதி சேர்ந்துவிட்டாள். இவளும் சேர்வதாகத்தான் இருந்தாள்.

"மூணு மணிக்கு வூட்ல இருப்பேன் மாமா. நைனாவுக்கு அப்பத்தானே ஜாஸ்தியாவுது" என்றாள்.

கணக்கு அவ்வளவு சுத்தமாக இருந்தது. அதைக் கெடுக்க ஒரு படித்தவன் தேவைப்பட்டான்.

அன்றைக்கு எல்லோரும் அவள் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். நான் பேச ஆரம்பித்தேன். ஒயர் கட்டுகிற வேலை இன்றைக்கு இருக்கும், நாளைக்கு மெஷின் வரும் என்றேன். இங்கேயே காலேஜ் இருக்கிறதே என்று என் மனைவி கேட்டாள். பெங்களூர் காலேஜ் என்றால் பெயரைப் பார்த்தே வேலை கொடுப்பான் என்றேன். இதற்கு என்னிடம் ஆதாரம் எதுவும் இருக்கவில்லை. நான் படித்ததே பெங்களூர் காலேஜ்தான்.

கொழுந்தியாள் என்னை விடுகிற ஆள் இல்லை. முறைக்காரி, வாய் சும்மா இருக்காது. என் எம்.ஏ.வைச் சேர்த்து எம்மே மாமா என்று பட்டப்பெயர் வைத்திருந்தாள். "எம்மே மாமா, நீங்க படிச்சி இன்னா பண்றீங்க? டோக்கன் கிழிக்கிறீங்க. அதுக்குப் பெங்களூர் காலேஜ்ல எந்த குரூப் எடுக்கணும்?"

எல்லோரும் சிரித்தார்கள். மாமனார் சிரித்து இருமினார். நான் அசரவில்லை.

"நான் படிச்சது ஹிஸ்டரி. செத்தவங்களப் பத்தின படிப்பு. அதான் கீழ எறக்கிட்டாங்க. நீ சயின்ஸ் படி. மேல ஏத்துவாங்க."

மறுபடி சிரிப்பு. இந்த முறை அவளும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் விஷயம் முடிந்துவிட்டது. மாமனார் இருமல் அடங்கியதும் சொன்னார்: "மாப்ள படிச்சவரு. அவரு சொன்னா கரெக்டாத்தான் இருக்கும்."

இதை எழுதும்போது கை கூசுகிறது. அவர் என்னைக் கிண்டல் பண்ணியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. மூன்று வருஷம் அவளும் நானும் ஒரே வண்டியில் போனோம். பங்காரப்பேட்டை வருவதற்குள் அவள் மடியில் நோட்டைத் திறந்துவிடுவாள். நான் தூங்கிவிடுவேன். திரும்பி வர ராத்திரி சாப்பாட்டு நேரம் ஆகிவிடும். பகல் முழுக்க மாமனாரைப் பார்த்துக்கொண்டது என் மனைவி. "டிகிரி அவளுக்கு, டியூட்டி எனக்கு" என்று பாத்திரம் கழுவும்போது பாத்திரத்திடம் சொல்வாள்.

அவளுக்குப் படிப்பு பிடித்திருந்தது. அதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் பொய் எழுதுகிறவன் ஆவேன், ஃபாரத்தில் எழுதுவது போதும். இரண்டாம் வருஷத்தில் ஒருநாள் வந்து, அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்து, பாறைத்தூள் என்றால் என்ன, அது உள்ளே போய் என்ன செய்கிறது என்று படம் போட்டுக் காட்டினாள்.

"நைனா, உன் நுரையீரல்ல இருக்கிறது கண்ணாடி மாதிரி. ஜன்னல்ல போடுற கண்ணாடியும் அதுதான்."

மாமனார் கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்தார். "நான் தங்கம் இருக்கும்னு பாத்தேன்" என்றார்.

அந்தப் படத்தை மார்க் ஷீட் கவருக்குள் மடித்து வைத்துக்கொண்டார். இத்தனை வருஷம் எத்தனையோ டாக்டர்கள் பார்த்தும் அவருக்கு யாரும் சொல்லாத விஷயம் அது. தன்னைக் கொல்வது எது என்று அவருக்குத் தெரிந்தது. அந்தக் காலேஜிலிருந்து அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தது அது ஒன்றுதான்.

மூன்றாம் வருஷம் அவருக்குப் பேச்சே கஷ்டமாகிவிட்டது. பேசினால் மூச்சு செலவாகும். பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். பழைய பித்தளை டோக்கன் ஒன்று வைத்திருந்தார், சுரங்கத்தில் இறங்கும்போது ஆளுக்கு ஒரு நம்பர் போட்டுக் கொடுப்பது. அதை ஒரு கயிற்றில் கட்டி இரும்புக் கட்டிலின் கம்பியில் தொங்கவிட்டிருந்தார். வேண்டியதை அந்த டோக்கனால் கம்பியில் தட்டிச் சொல்வார். கேஜை ஏற்றி இறக்க ஷாஃப்ட்டில் மணி அடிப்பார்களே, அந்தக் கணக்கை வீட்டுக்குத் தகுந்தபடி மாற்றி வைத்துக்கொண்டார். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் கீழே இறக்கு, அதாவது தலையணையை எடுத்துவிட்டுப் படுக்கவை. மூன்று தட்டு என்றால் ஆள் ஏறியாச்சு, போகலாம், அதாவது எனக்கு ஒன்றுமில்லை, உங்கள் வேலையைப் பாருங்கள்.

கொழுந்தியாள் தினமும் விடியற்காலையில் பையை மாட்டிக்கொண்டு வாசற்படியில் நிற்பாள். மூன்று தட்டு கேட்டபிறகுதான் படி இறங்குவாள். ஒருநாள்கூட மாறினதில்லை.

கடைசிப் பரீட்சை அன்றைக்கு மாமனாருக்கு முடியவில்லை. ராத்திரி முழுக்க முதுகை நீவி நீவி என் மனைவிக்குக் கை வீங்கிவிட்டது. விடியும் முன் கொஞ்சம் படுக்கிறேன் என்று எங்கள் வீட்டுக்குப் போனாள். வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், இனிமேல் ஆஸ்பத்திரியில் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். நான் லீவு போட்டிருந்தேன். கொழுந்தியாள் பையை மாட்டிக்கொண்டு கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"நான் போவல மாமா."

"இது ஒண்ணுதான் பாக்கி. இத வுட்டா ஒரு வருஷம் போச்சு."

"போனா போவுது."

"நான் இருக்கேன்ல. மூணு மணி நேரம் எழுதிட்டு வா. நைனா எங்க போயிடப் போறாரு?"

இப்படித்தான் சொன்னேன். வார்த்தை மாறாமல்.

வெளியே ஸ்டேஷனுக்குப் போகிற ஆட்டோ வந்து நின்று உறுமிக்கொண்டிருந்தது. அவள் கையைப் பிடித்து எழுப்பி, கிட்டத்தட்டத் தள்ளிக்கொண்டு போய், ஆட்டோவில் உட்காரவைத்துவிட்டு உள்ளே வந்தேன். மாமனார் என்னைப் பார்த்தார். டோக்கனை எடுத்துக் கம்பியில் ஒரு தட்டுத் தட்டினார்.

ஆட்டோ சத்தத்தில் அவளுக்கு அது கேட்டிருக்காது. அங்கிருந்தே கத்தினாள். "தட்டினாரா மாமா?"

"தட்டினாரு."

"எத்தினி?"

"மூணு."

ஆட்டோ போய்விட்டது.

கொஞ்சம் பொறுத்து மாமனார் இன்னொரு தட்டுத் தட்டினார். ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். நிஜமாகவே யோசித்தேன். தலையணையை எடுத்துப் படுக்கவைக்கக்கூடப் போனேன். அவர் தலையை ஆட்டினார். பிறகு மறுபடி ஒரு தட்டு. நிறுத்து என்கிறார். எதை நிறுத்துவது? ரயில் அதற்குள் மாரிகுப்பத்தை விட்டிருக்கும். போன் பண்ணினால் அடுத்த ஸ்டேஷனில் இறங்கியிருப்பாள். போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது. பாதி அழுத்திவிட்டு உள்ளே வைத்தேன். ஒரு வருஷம் போய்விடும் என்ற அந்த ஒரே வாக்கியம் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. வருஷம் என்றால் என்ன என்று கட்டிலில் இருந்தவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

பத்து மணிக்கு மேல் வாய் திறந்தார். "சின்னது?"

"பரீட்சைக்குப் போயிருக்கு மாமா. வந்துடும்."

என்னையே பார்த்தார். நான் வழக்கமாக எதையாவது சொல்லிச் சிரிக்கவைக்கிற ஆள். அன்றைக்கு ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். மனைவியை எழுப்பி அழைத்துவந்தேன். வண்டி வருவதற்குள், பதினோரு மணி இருக்கும், டோக்கன் கையிலிருந்து நழுவிக் கயிற்றில் ஆடியது.

ஒரு மணிக்குத்தான் கொழுந்தியாளுக்குப் போன் செய்தேன். அதற்குமுன் அவள் போன் காலேஜ் பைக்குள் அணைந்து கிடந்தது. சொன்னேன். அவள் அழவில்லை.

"எத்தினி மணிக்கு?" என்று கேட்டாள்.

"பதினோரு மணிக்கு."

பிறகு சொன்னாள்: "அப்ப நான் பேப்பர்ல செகண்ட் செக்‌ஷன்ல இருந்தேன்."

அடக்கம் முடிந்தது. எங்கள் ஆட்களில் ஒரு பெரியவர் பஞ்சசீலம் சொன்னார். மூன்றாம் நாள் எல்லோரும் போன பிறகு, நான் ஜன்னலில் ஈரத்துணியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். இனி அது தேவையில்லை. பின்னாலிருந்து கேட்டாள்.

"மூணு தட்டுதானே மாமா?"

"மூணுதான்" என்றேன். துணியை மடித்துக்கொண்டே சொன்னேன், திரும்பவில்லை.

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை, மனைவியிடம்கூட. வாயால் சொல்ல வராதது எழுத வருகிறது. என் எம்.ஏ.வுக்கு ஒரு பயன் வேண்டுமல்லவா, இது இருந்துவிட்டுப் போகட்டும்.

ஃபர்ஸ்ட் கிளாஸில் பாஸ் பண்ணினாள். சான்றிதழைப் புத்தர் பக்கத்தில் வைத்தோம். பிறகு வேலை தேடினாள். லேப் வைத்திருந்த இடங்களில் அனுபவம் உண்டா என்றார்கள். அனுபவம் கொடுக்கிற இடங்களில் எம்.எஸ்ஸி. உண்டா என்றார்கள். ஒரு இடத்தில் டிரெய்னி என்று சேர்த்துக்கொண்டு மூன்று மாதம் பாட்டில் கழுவவிட்டார்கள். சுத்தமாகக் கழுவுகிறாள் என்று நல்லபெயர் எடுத்தாள். மூன்று மாதம் முடிந்ததும் அடுத்த டிரெய்னி வந்துவிட்டாள். இப்படி ஒரு வருஷம். கடைசியில் ரயில் ஏறுவதையே நிறுத்திவிட்டாள். வாசலில் நின்று மூன்று தட்டுக்குக் காத்திருந்த இடத்தில் இப்போது துணி காயப்போட்டாள்.

என்னோடு பேசுவதை நிறுத்தவில்லை. ஆனால் என் ஜோக்குக்குச் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். என்னை எம்மே மாமா என்று கூப்பிடுவதும் நின்றுபோனது. வெறும் மாமா. எனக்கு அந்தப் பட்டப்பெயர் எவ்வளவு பிடித்திருந்தது என்று அது போன பிறகுதான் தெரிந்தது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அடுத்த லைன் சிநேகிதி வந்தாள். அதே ஒயர் ஃபேக்டரி. நாலு வருஷம் முன்னால் சேர்ந்தவள், இப்போது லைன் லீடர். கழுத்தில் கம்பெனி அட்டை. மெஷின் எதுவும் வந்து அவளைத் துரத்தவில்லை. கையில் ஒரு ஃபாரம் இருந்தது.

"ஆள் எடுக்கிறாங்க. இருபத்திமூணு வயசு தாண்டினா எடுக்க மாட்டாங்க. இவளுக்கு இன்னும் நாலு மாசம்தான் கீது" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, ஏதோ கெட்ட வார்த்தை சொல்லப்போகிறவள் மாதிரிக் குரலை இறக்கினாள். "டிகிரின்னு மட்டும் எழுதிடாதீங்கண்ணா. அப்பிடியே ஓரமா வெச்சிடுவாங்க. இவ என் லைன்லதான் வருவா, நான் பாத்துக்குறேன்."

"உன் கீழயா?" என்று என் மனைவி கேட்டாள்.

"ஆமாக்கா." அதில் அவளுக்குப் பெருமை இல்லை. கொஞ்சம் சங்கடப்பட்டாள். டீ குடித்துவிட்டு, நாளைக்குக் காலையில் பஸ்ஸுக்கு வரும்போது ஃபாரம் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஃபாரம் என் முன்னால் வைக்கப்பட்டது. வேறு யார் முன்னால் வைப்பார்கள்? ஊரிலேயே இதற்குப் பேர்போன ஆள் நான்தானே. மனைவி கீழே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். கொழுந்தியாள் அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கட்டிலை யாரும் நகர்த்தவில்லை. டோக்கனும் கம்பியில்தான் இருந்தது.

பெயர், வயது, விலாசம் எழுதினேன். தந்தை பெயர் எழுதி, பக்கத்தில் காலமானார் என்று எழுதினேன். படிப்பு என்ற இடம் வந்தது. பேனா நின்றது. எத்தனையோ பேருக்கு இறக்கி எழுதியிருக்கிறேன், ஒருநாளும் நின்றதில்லை. அவளைப் பார்த்தேன். அவள் அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பி.யு.சி. என்று எழுதினேன். மூன்றே எழுத்து. மூன்று வருஷ ரயில், படம் போட்ட நோட்டு, செகண்ட் செக்‌ஷன், எல்லாம் அந்த இடத்தில் இல்லாமல் போயின.

அடுத்தது அந்த வரி. படிப்பு முடித்த பின் இடைவெளி இருந்தால் காரணம் எழுதுக.

நான் பயந்தால் ஜோக் அடிப்பேன். இது என் நோய். அன்றைக்கும் அடிக்க ஆரம்பித்தேன்.

"நாலு வருஷம். ஒரு வரிதான் வுட்டிருக்கான், கஞ்சன். இன்னா போடலாம்? தையல் கத்துகினேன்னு போடுவோமா? உன் தையலப் பாத்தா நம்ப மாட்டாங்க. தக்காளித் தோட்டம் போடலாம், ஆனா நீ தக்காளிச் செடிய நேர்ல பாத்திருக்கியா? மஞ்சள் காமாலை ஸ்டாக் இல்ல. ஆடு வேணாம், எண்ணிக்கை கேப்பாங்க."

மனைவி சிரிக்கவில்லை. பூண்டைப் பார்த்துக்கொண்டே, "எதயாவது எழுதித் தொலைங்க" என்றாள்.

"ஏன், கல்யாணத்துக்குப் பாத்துகினு இருந்தோம், மாப்ள அமையலன்னு போட்டா? அதுல ஒரு நியாயம்…"

கம்பியில் டோக்கன் ஒரு தட்டுத் தட்டியது.

நிறுத்தினேன். கொழுந்தியாள் டோக்கனைக் கையில் பிடித்திருந்தாள். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் அப்பா பார்த்த அதே மாதிரி. அவளுக்குத் தெரியுமா என்று நான் யோசித்தேன். ஆட்டோ சத்தம் அப்படி ஒன்றும் பெரிய சத்தமில்லை என்று அப்போதுதான் தோன்றியது.

பேனாவை அந்த வரியின்மேல் வைத்தேன்.

"சொல்லு" என்றேன். "இன்னா எழுதட்டும்?"

"நைனாவப் பாத்துகினு இருந்தேன்னு எழுதுங்க."